பெரியவரின் முன்பதிவுகள்

அந்த மருத்துவமனையின் இணையதளத்தில் பதினோரு பாப்-அப்கள் இருந்தன. துறைக்கு ஒன்று. பக்கத்தைத் திறந்ததும் ஒன்று குதிக்கும். அதை மூடினால் அடுத்தது. வெளியேறப் போனால், ஏன் போகிறீர்கள் என்று இன்னொன்று. உணவுப் பிரிவுக்கு மட்டும் நெடுநாள் இல்லாமல் இருந்தது. அவர்கள் மேலிடத்தில் சண்டை போட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடுகிறவரிடம், நீங்கள் தினமும் எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கும் படிவம் அது.

அந்தத் தளத்தைச் சோதிப்பது என் வேலை. நான் உட்கார்ந்து க்ளிக் செய்வதில்லை. நான் எழுதிய நிரல் தினமும் நான்கு முறை செய்யும். உலாவியைத் திறக்கும், லாகின் செய்யும், கண் பிரிவில் பட்டியலில் முதலில் இருக்கும் சேவைக்கு முன்பதிவு கேட்கும், பிறகு அதை ரத்து செய்யும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் அலுவலகச் சுவரில் தொங்கும் திரையில் ஒரு கட்டம் பச்சையாகும். தவறினால் சிவப்பு. எங்கள் மேலாளருக்குச் சிவப்பு என்றால் ஆகாது. அவரை நாங்கள் பச்சை என்றே குறிப்பிடுவோம். அவருக்கும் தெரியும். பெருமைதான்.

முதலில் தளத்தின் நகல் ஒன்றில்தான் நிரலை ஓட்டினோம். ஒருநாள் நகல் நன்றாக இருந்தது, அசல் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அசலிலேயே ஓட்டச் சொன்னார். "கடைசியில ரத்து பண்ணிடுதுல்ல? அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன்.

நிரலுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார். நான் உருவாக்கினேன். பெயர்ப் பெட்டியில் விசைப்பலகையில் அடுத்தடுத்து இருந்த நான்கு எழுத்துகளைத் தட்டினேன். பிறந்த தேதி, பட்டியலில் முதலில் இருந்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று. லாகின் செய்ய ஓடிபி வர ஒரு போன் எண் வேண்டும். அலுவலகத்தில் சிம் கார்டு கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். என் மனைவி தன் எண்ணைக் கொடுத்தாள். வரும் ஓடிபியை நிரலுக்குத் தள்ளிவிட அவள் போனில் ஒரு சின்ன ஆப் போட்டேன்.

நோயாளிக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

"உங்க பெரியவர் இன்னிக்கு நாலு தடவை மெசேஜ் அனுப்பிட்டார். வீட்ல அவருக்கு வேற வேலையே குடுக்கலையா?" என்பாள் மாலையில்.

பிறகு அவள் இறந்தாள். காய்ச்சல். ஆறு நாள்.

பதினைந்து நாள் விடுப்பு முடிந்து வந்தபோது சுவர் சிவப்பாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் நோயாளர் அனுபவத் துறை ஒரு பாப்-அப்பைச் சேர்த்திருந்தது. ரத்து பட்டனை அழுத்தினால் ஒரு படிவம் எழும்பும்: ஏன் ரத்து செய்கிறீர்கள்? காரணத்தைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால்தான் ரத்து ஆகும். நிரலுக்கு அது தெரியாது. படிவத்துக்கு முன்னால் திகைத்து நின்றுவிட்டது.

முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு பாப்-அப்பையும் படிக்க வேண்டும். எது வரும், எப்போது வரும், எதை நிரப்ப வேண்டும் என்று தனித்தனியாக எழுத வேண்டும். எனக்குப் படிக்கத் தோன்றவில்லை. நிரலில் ஒரே ஒரு கட்டளைத் தொகுப்பு எழுதினேன். பெயர் 'மூடு'. எந்தப் பாப்-அப் வந்தாலும் அதன் மூலையில் பெருக்கல் குறியைத் தேடி அழுத்து. குறி இல்லையா, எஸ்கேப் விசையை அழுத்து. அதற்கும் அசையவில்லையா, பக்கத்திலிருந்தே அதைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பின்னால் இருக்கும் பட்டனை அழுத்து. இந்த மூன்றாவது வழி மனிதர்களுக்குக் கிடையாது.

கடைசியில் பக்கத்தில் நன்றி என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் நிரல் பார்க்கும். இருந்தால் பச்சை. அந்தத் தளத்தில் நன்றி என்ற சொல் இல்லாத பக்கமே இல்லை.

எல்லாம் பச்சையானது. மேலாளர் என் தோளில் கை வைத்தார். "துக்கத்துலயும் வேலையை விடலை பாரு," என்று மற்றவர்களிடம் சொன்னார்.

மனைவியின் போனை அலுவலக மேசையின் இழுப்பறையில் சார்ஜரோடு வைத்துவிட்டேன். சத்தத்தை நிறுத்தியிருந்தேன். ஓடிபி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தார். துணிப்பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. ஆனால் அவருடைய தையல் மெஷின் வந்துவிட்டது, அதன் பின்னால் அவருடைய வாடிக்கையாளர்களும் வந்துவிட்டார்கள். கூடத்தில் ஜன்னலோரம் போட்டுத் தைப்பார். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அவர் சாப்பிட்டீங்களா என்பார். நான் ஆச்சு என்பேன். பெரும்பாலும் பொய். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

அத்தைக்குச் சின்ன வயதிலேயே இடது கண் போய்விட்டது. வலது கண்ணை வைத்துத்தான் முப்பது வருடம் தைத்தார், ஒரு பெண்ணைப் படிக்க வைத்தார். இப்போது அதில் புரை. துணியை மூக்கில் ஒட்டிக்கொண்டு தைக்கத் தொடங்கினார். ஒருநாள் மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கியது. விரலைச் சப்பிக்கொண்டே, "துணியில ரத்தம் படலியே, பாருங்க மாப்பிள்ளை," என்றார்.

கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அதே மருத்துவமனை. மருத்துவர் நேராகப் பேசினார். புரை முற்றிவிட்டது, உள்ளே அழுத்தமும் ஏறுகிறது. இந்த மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது. "இருக்கிறது ஒரே கண்ணு. ரிஸ்க் எடுக்காதீங்க." அறுவைக்கு முன் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அளவெடுக்க வேண்டும். அந்தக் கருவி அங்கே ஒன்றுதான். நாளுக்கு நான்கு பேர். தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை விண்ணப்பிக்கலாம். மாலையில், வரப்போகும் ஒரு தேதிக்கு நான்கு பேரைத் தளமே தேர்ந்தெடுக்கும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு புது விதி போட்டிருந்தார்கள்: வயதில் மூத்தவருக்கே முதலிடம். தினமும் காலையில் பதினோரு பாப்-அப்களை மூடிவிட்டு அத்தைக்காக விண்ணப்பித்தேன். தினமும் மாலையில் பதில் வந்தது. வருந்துகிறோம். தங்களைவிட மூத்தவர்கள் விண்ணப்பித்துள்ளனர். எங்கள் சேவையை மதிப்பிடுக.

"எனக்கு அறுபத்தி மூணு. இந்த ஊர்ல என்னைவிடக் கிழவங்க தினம் நாலு பேரு கண்ணு காட்ட வர்றாங்களா?" என்றார் அத்தை.

"பெரிய ஊர் அத்தை."

இப்படியே இருபது நாள் போனது. மாதத்தில் பத்து நாள் மிச்சம். நேரில் போனோம்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கள் விண்ணப்பத்தைத் திரையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களுக்கு மட்டுமில்லம்மா. ஆறு வாரமா யாருக்குமே கிடைக்கல. ஒரே ஒரு பெரியவர் எல்லா இடத்தையும் பிடிச்சு வெச்சிருக்கார்."

"ஒரே ஆளா? நாலு இடத்தையுமா?"

"நாலையும்தான். தினமும். நூத்தி இருபத்தஞ்சு வயசு."

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நூத்தி இருபத்தஞ்சு வயசுல அவருக்கு இன்னும் என்னத்தைப் பாக்கணுமாம்?"

"நாங்களும் அதைத்தாம்மா பேசிக்கிறோம். முதல் நாள் சக்கர நாற்காலியை வாசல்லயே நிறுத்தி வெச்சோம். டைரக்டர் மாலையோட வந்து நின்னார், போட்டோ எடுக்கணும்னு. ஆள் வரல. இதுவரைக்கும் ஒருநாள்கூட வரல. மெஷின் ஆப்பரேட்டர் பாவம், டீ குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாயிடுச்சு."

"வராதவன் பேரை அடிச்சுட்டு அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"லிஸ்ட்ல இல்லாத பேருக்கு மெஷின் திறக்காதும்மா. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் புகார் போட்டோம். தளத்துல பிழை எதுவும் இல்லை, எல்லாச் சோதனையும் வெற்றின்னு பதில் வந்துச்சு."

அந்தப் பதிலை அனுப்பியது நான். எழுதவில்லை. எல்லாப் புகாருக்கும் ஒட்டும் பதில் அது.

"பேரு என்னவாம் அந்த மகராசனுக்கு?" என்றார் அத்தை.

"அது வாயிலயே நுழையல. இருங்க, போன் நம்பர் இருக்கு. தினமும் அடிக்கிறேன். ரிங் போகும். எடுக்க மாட்டாங்க."

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான்கு எழுத்துகள். ஜனவரி ஒன்று. அதன் கீழே எண். அந்த எண்ணை நான் போனில் பெயர் பார்க்காமலே அடிப்பேன்.

அவர் ஸ்பீக்கரில் அழைத்தார். மணி போனது. ஆறு நிறுத்தம் தள்ளி, என் இழுப்பறைக்குள், சத்தமில்லாமல். முழுவதும் போய் நின்றது.

"பாத்தீங்களா?" என்றார்.

பேருந்தில் வரும்போது அத்தையிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தக் கிழவன் நீங்க பண்ணினதா?"

"ஆமா அத்தை."

"ரத்து பண்ணுற படிவத்தைப் படிக்காம மூடிட்டீங்க."

"எல்லாத்தையும் மூடிட்டேன்."

இரண்டு நிறுத்தம் போயின. பிறகு, "நம்பர் அவளோடதா?" என்றார்.

"அவதான் குடுத்தா."

"நான்கூட நடுவுல ரெண்டு தடவை அடிச்சேன். எடுக்க ஆள் இல்லைன்னு தெரிஞ்சுதான்." கைப்பையின் பட்டனைத் திறந்து மூடினார். "சரி. அந்தக் கிழவனைக் கொன்னுடுங்க மாப்பிள்ளை."

முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

மேலாளரிடம் போனேன். சுவர்த்திரையில் தொண்ணூற்றேழாவது நாள் பச்சையாக ஒளிர்ந்தது. நூறாவது நாளுக்கு கேக் சொல்லியிருந்தார். மருத்துவமனை டைரக்டர் வந்து வெட்டுவதாக ஏற்பாடு.

விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"இது தெரிஞ்சது உனக்கும் எனக்கும் மட்டும்தானே?"

"என் மாமியாருக்கும் தெரியும்."

"அவங்க நம்ம கம்பெனி இல்லை. விடு. தம்பி, நீ சொல்றது நியாயம். ரொம்ப நியாயம். நூறு நாள் முடியட்டும். அப்புறம் சரி பண்ணு."

"இன்னும் நாலு விண்ணப்பம் தினமும் போகும் சார். ஏற்கெனவே ஒரு மாசத்துக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கு. ரத்து பண்ணினாத்தான் மத்தவங்களுக்கு வரும். என் மாமியார் கண்ணுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

"மூணு நாள் பொறுத்தா ஏழு நாள் இருக்கும்ல?" என்றார். கணக்கில் அவர் கெட்டி. "இப்ப சிவப்பாச்சுன்னா டைரக்டர் எதை வெட்டுவார், சொல்லு. கேக்ல பச்சை ஐசிங் போடச் சொல்லிட்டேன்."

என் நாற்காலிக்குத் திரும்பினேன். நிரலை நிறுத்தினேன். உலாவியைத் திறந்தேன். பெரியவராக நானே லாகின் செய்தேன். இழுப்பறையைத் திறந்து போனில் ஓடிபியைப் பார்த்தேன். தவறிய அழைப்புகள் அறுபத்தொன்று என்று இருந்தது. இரண்டு அத்தையுடையது.

பாப்-அப்கள் வந்தன. இந்த முறை படித்தேன். குக்கீ. குறைதீர்ப்பு. பெரியவர் தினமும் குடிக்கும் தண்ணீர். எட்டுக் குவளை என்று போட்டேன். நல்ல பழக்கம் என்று பாராட்டியது.

என் முன்பதிவுகள் என்ற பக்கத்தில் நூற்றுப் பதினெட்டு இருந்தன. ஒவ்வொன்றாக ரத்து செய்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று படிவம். முதலாவதை அழுத்தினேன். ஏன் ரத்து செய்கிறீர்கள்? குணமாகிவிட்டேன். வேறு மருத்துவமனை. நேரம் ஒத்துவரவில்லை. நோயாளி காலமானார். கடைசிக் காரணத்துக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: இதைத் தேர்ந்தெடுத்தால் அனைத்து முன்பதிவுகளும் ஒரே நேரத்தில் ரத்தாகும்.

தேர்ந்தெடுத்தேன். அடுத்த படிவம். காலமானவருக்கு நீங்கள் என்ன உறவு? மகன், மகள், கணவர், மனைவி, மற்றவை. கணவர் என்ற சொல்லின் மேல் அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது. மற்றவை என்று கொடுத்தேன். இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றவும். பிடிஎஃப் மட்டும்.

என் கணினியில் அப்படி ஒரு பிடிஎஃப் இருந்தது. அதைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த வாகன நிறுத்த விதிமுறைகளைப் பதிவேற்றினேன். சரிபார்க்கப்பட்டது என்று வந்தது. பிறகு பூங்கொத்துப் படம் போட்ட ஒரு பாப்-அப். ஆழ்ந்த இரங்கல்கள். இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

மூன்று கொடுத்தேன். ஏன் ஐந்து இல்லை என்று ஒரு படிவம் வந்தது. அதை மூடினேன்.

நிரலை மறுபடி ஓட விட்டேன். காலமானவர் லாகின் செய்ய முடியாது. சுவர் சிவந்தது.

மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். ஓடி வந்தார் என்று சொல்ல வேண்டும், அவர் உடம்புக்கு அது ஓட்டம்தான்.

"என்னாச்சு?"

"பெரியவர் இறந்துட்டார் சார்."

பழக்கதோஷத்தில் முகத்தை வருத்தமாக மாற்றினார். பிறகு நினைவு வந்தது. "உயிரோட கொண்டா! உடனே கொண்டா! வேற ஆளை வெச்சு ஓட்டு!"

"வேற ஆள்னா புது நோயாளி எண் வேணும். இப்பல்லாம் மருத்துவமனைதான் தரணும். ஏன்னு கேப்பாங்க."

"அப்ப இவரையே எழுப்பு. வழி இருக்கும்ல?"

இருந்தது. தேடிக் காட்டினேன். தவறுதலாக இறந்ததாகப் பதிவானவர்களுக்கான படிவம். ஐந்து பக்கம். சம்பந்தப்பட்டவர் அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும்.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்களில் யாரை வயதானவராகக் காட்ட முடியும் என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. அவரைவிட மூத்தவர் அங்கே யாரும் இல்லை. அது அவருக்கும் கடைசியில் தெரிந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேக்கை ரத்து செய்ய முடியவில்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அனுமதியின்றி ஒரு நோயாளியின் மரணத்துக்குக் காரணமானது பற்றி என்று தலைப்பு. மருத்துவமனைக்கும் உண்மையை எழுதினேன். பதில் வந்தது: தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.

பெரியவர் இறந்த அன்று மாலை ஆறரைக்கே அத்தைக்குக் குறுஞ்செய்தி. வியாழக்கிழமை, மூன்றாம் இடம். நான் படித்துக் காட்டினேன். "மத்த மூணு பேரும் என்னைவிடக் கிழவங்கதானே? போகட்டும்," என்றார். வியாழன் அளவெடுத்தார்கள். செவ்வாய் அறுவை நடந்தது. மருத்துவர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கி, "கொஞ்சம் தாமதமாயிருந்தா சிரமம்தான். நல்லா வந்திருக்கு," என்றார். நான் சரி என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். கும்பிட்டேன்.

கட்டுப் பிரித்துப் பத்து நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். அதுவரை கறுப்புக் கண்ணாடி. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்காகத் தைத்து மடித்து வைத்திருந்த துணிகளை அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முதலாவதைப் பார்த்ததும் எழுந்து வெளிச்சத்துக்குப் போனார்.

"இது யாரு தைச்சது?"

"நீங்கதான்."

வெள்ளைப் பள்ளிச்சட்டையில் கருநீல நூல். மஞ்சள் பாவாடைக்கு விளிம்பில் பச்சை. ஒரு கால்சட்டையில் ஒரு கால் இரண்டு விரல் நீளம். நான்கு மாதமாக இப்படித்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "உன் பொண்ணு சட்டையை நான் கோணலாத் தைச்சிருக்கேன். ஏண்டி சொல்லலை?"

அந்த அம்மா வாசலிலேயே நின்றார். "துக்க வீட்டுல எப்படிக்கா வந்து சொல்றது? நல்லாத்தான் இருந்துச்சு. தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"எவளும் எங்கிட்ட இப்படிப் பொய் சொல்லாதீங்க. கொண்டா எல்லாத்தையும்."

அவர் போனதும் அத்தை என் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வந்ததிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது.

"இதையா போட்டுட்டு ஆபீஸ் போறீங்க?"

குனிந்து பார்த்தேன். வெளிர் நீலச் சட்டை. காலர் கிழிந்தது என்று அவரிடம் கொடுத்து வாங்கியது. சிவப்பு நூலில் தைத்திருந்தது. இரண்டு பட்டன்கள் ஒரே துளைக்கு நேரே இருந்தன.

"ரெண்டு மாசமாப் போடறேன்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

"உங்களுக்குமா தெரியலை?"

"கவனிக்கலை அத்தை."

"கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். பனியனோடு நின்றேன். அவர் சட்டையை மடியில் போட்டு, பிளேடால் தையலைப் பிரிக்கப் போனவர் நிறுத்திவிட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் மார்பைச் சுற்றிப் போட்டார். எண்ணைப் படித்தார். நம்பாமல் இன்னொரு முறை இழுத்துப் பிடித்துப் படித்தார்.

"முப்பத்தஞ்சு," என்றார். "கல்யாணத்துக்கு முப்பத்தொம்பது தைச்சேன்."

நான் டேப்பைக் குனிந்து பார்த்தேன்.

"நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன்."

யோசித்தேன். அவர் டேப்பை விடாமல் நின்றார், அந்தக் கண் என் முகத்திலேயே இருந்தது.

"ஒண்ணும் சாப்பிடலை," என்றேன்.